நடந்து போனவர்

ஜனங்கள் அவரவர் இஷ்டத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள் என்ற விஷயம் மேலிடத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் எட்டியது. ஒருவன் கையை வீசிக்கொண்டு நடக்கிறான். இன்னொருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறான். காய் வாங்கப் போன அம்மாள் பை கனத்த பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாள். கேட்பதற்கு ஆளில்லை. இதைக் கண்டு மனம் பொறுக்காத சில பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, நடை நெறிப்படுத்தும் வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஊருக்கு வெளியே மாடி மேல் மாடியாக ஒரு கட்டடம். எல்லா மாடிக்கும் லிஃப்ட் உண்டு. படிக்கட்டை மட்டும் உடைந்த நாற்காலிகளைப் போட்டு அடைத்துப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அந்த வாரியத்தின் வாசலை மிதிக்க வேண்டும் என்று மெத்தைக்காரர் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. தான் உண்டு, தன் பஞ்சு உண்டு என்று இருந்த மனிதர். தெருவில் அவரை 'மெத்தை' என்றே கூப்பிடுவார்கள். தொழிலைச் சொல்கிறார்களா, உடம்பைச் சொல்கிறார்களா என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. இரண்டுக்கும் பொருந்திய பெயர்தான். உட்கார்ந்த இடத்திலேயே பஞ்சு அடைப்பார், உட்கார்ந்த இடத்திலேயே தைப்பார், தைத்து முடித்ததும் அதன் மேலேயே படுத்து ஒரு தூக்கம் போடுவார். யாராவது பார்த்துவிட்டால், "வாங்கறவங்களுக்கு முதுகு வலிக்கக் கூடாது பாருங்க, அதான் சோதிக்கறேன்" என்பார்.

அவருக்கு இருந்த ஒரே சொந்தம் அக்கா. அம்மா இறந்தபோது மெத்தைக்காரர் கைக்குழந்தை. அக்கா பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு பஸ் கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "ஏற்கெனவே ஒருத்தன் இடுப்புல ஏறி உக்காந்திருக்கான், இறங்க மாட்டேங்கறான்" என்று சொல்லிவிடுவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் ஓயவில்லை. யார் வந்து கதவைத் தட்டினாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "எங்க போகணும்?" பால்காரனையும் அப்படித்தான் கேட்பாள். போகிற இடம் தெரியாமல் பஸ்ஸில் ஏறுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "உலகத்துல எவ்வளவோ கஷ்டம் இருக்கலாம். எங்க போகணும்னு தெரியலைங்கறதைவிடப் பெரிய கஷ்டம் கிடையாதுடா" என்று தம்பியிடம் சொல்வாள்.

அந்த அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினோடு கிடந்தாள். நாள் முழுக்கக் குடிக்கிற தண்ணீர் ஒரு சின்ன டம்ளருக்குள் அடங்க வேண்டும். ஆயுசெல்லாம் பஸ் வெக்கையில் நின்று டிக்கெட் கிழித்தவள், டம்ளரின் விளிம்பை நாக்கால் தொட்டுவிட்டுக் கீழே வைப்பாள். மெத்தைக்காரருக்கு அதைப் பார்க்க முடியவில்லை. தன்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பரிசோதித்துப் பார்த்ததில் பொருத்தம் பிரமாதமாக இருந்தது.

"பொருந்துது. ஆனா இந்த உடம்போட உங்களை மேஜையில ஏத்தினா, நாங்க உள்ள போய்த் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்" என்றார் டாக்டரம்மா. "எடையைக் குறைங்க."

"எப்படிம்மா குறைக்கறது?"

"நடங்க. அதைவிட சுலபமான வழி கிடையாது. ஒரு ஜோடி செருப்பு இருந்தா போதும்."

செருப்பு இருந்தது. மெத்தைக்காரர் அன்று சாயங்காலமே கடையை இழுத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். எங்கே நடப்பது என்று அவருக்கு யோசனையே வரவில்லை. ஊரின் மறுகோடியில் அக்கா வீடு இருந்தது. கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

முதல் வாரம் அச்சகத்து வாசலில் ஒரு தடவை, மருந்துக் கடை பெஞ்சில் ஒரு தடவை, பாலத்துக் கட்டைச் சுவரில் ஒரு தடவை என்று உட்கார்ந்து உட்கார்ந்துதான் போனார். மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சலவைக் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அக்கா மாடி ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள். தம்பி தெரு முனையில் திரும்பியதும் மேலிருந்தே குரல் கொடுப்பாள்.

"எங்க போகணும்?"

"அக்கா வீட்டுக்கு."

"அப்ப ஏறு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் அத்தனை தூரம் நடந்தார் என்று சொன்னால் பொய்யில்லை. போகப் போக பாலத்தில் உட்காருவது நின்றது, மருந்துக் கடையும் நின்றது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தது. முகத்துக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் வெளியில் தெரிந்தது. அக்கா அவர் கன்னத்தைப் பிடித்துப் பார்த்து, "பாதி ஆளைக் காணோமே, எந்த ஸ்டாப்ல இறக்கி விட்ட?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு, அவருக்கும் சிரிப்பு. அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து சந்தோஷமாக இருந்த கடைசி நாட்கள் அவை.

டாக்டரம்மா எடை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ரொம்ப நல்லது. இன்னும் ஒரே ஒரு விஷயம்தான். நடை வாரியத்துல ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. எடை பட்டினியால குறைஞ்சதா, கவலையால குறைஞ்சதா, நடையால குறைஞ்சதான்னு அவங்க சொல்லணும். சொன்னாதான் தியேட்டர் கதவு திறக்கும். சும்மா ஒரு சம்பிரதாயம்தான்."

மெத்தைக்காரர் அந்தச் சம்பிரதாயத்துக்கும் நடந்தே போனார். அங்கே ஆரம்பித்தது வினை. வாசலில் காவல்காரர் மறித்து, "வண்டியை எங்க விட்டீங்க?" என்றார். வண்டி இல்லை, நடந்து வந்தேன் என்றார் இவர். "நடை வாரியத்துக்கு யாருங்க நடந்து வருவாங்க? வண்டி நிறுத்தின டோக்கன் இல்லாம உள்ள விட எனக்கு அதிகாரம் இல்ல" என்று அவர் நியாயமாகவே சொன்னார். மெத்தைக்காரர் தெருவுக்கு வந்து ஒரு ஆட்டோவைப் பிடித்து, வாசல் வரை வந்து இறங்கி உள்ளே போனார்.

நடை அலுவலர் சக்கரம் வைத்த நாற்காலியில் இருந்தார். அலமாரியில் ஏதாவது எடுக்க வேண்டுமானால் மேஜையை ஒரு உதை விட்டு நாற்காலியோடு உருண்டு போய் எடுப்பார். திரும்பி வர அலமாரியை ஒரு உதை. மனிதர் நல்ல மரியாதைக்காரர். உட்காரச் சொல்லி, வியர்வையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்கினார்.

"நடந்தீங்களா?"

"தினமும் நடந்தேன் சார்."

"எப்படின்னு சொல்லுங்க."

"சாயங்காலம் கடையைப் பூட்டிட்டு அக்கா வீட்டுக்கு நடந்து போனேன்."

அலுவலர் பேனாவை மூடிவிட்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"நடந்து போனேன் சார்."

"நடந்தீங்களா, போனீங்களா?"

மெத்தைக்காரர் விழித்தார். "நடந்துதான் சார் போனேன்."

"ரெண்டு சொல்றீங்க. வாரியத்துக்கு ஒண்ணு போதும்." அலுவலர் கோபப்படவில்லை. சின்ன வகுப்புக்குப் பாடம் எடுக்கிற பொறுமையோடு விளக்கினார். "போறவனுக்கு ஒரு இடம் இருக்கு. அங்க ஒரு ஆள் இருக்கு. அந்த ஆள் இழுக்குது, இவன் நகர்றான். இதுல இவன் உழைப்பு எங்க இருக்கு? நடைன்னா எங்கயும் போகக் கூடாதுங்க. போய்ச் சேரணும்னு மனசுல நினைப்பே வரக் கூடாது. நீங்க நடக்கல. போயிருக்கீங்க."

"போனதுலதான் சார் எடை குறைஞ்சுது."

"குறைஞ்சிருக்கும். நான் இல்லேங்கல. ஆனா போக்குக்கு நாங்க பொறுப்பில்ல. அதுக்குப் போக்குவரத்துத் துறை இருக்கு."

மெத்தைக்காரர் வெள்ளை மனசுக்காரர். போக்குவரத்துத் துறைக்கும் போய்க் கேட்டார். அங்கே இருந்தவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தனை சக்கரம்?" என்று கேட்டார். திரும்ப வாரியத்துக்கே வந்து, வேறு வழி தெரியாமல் நடை அலுவலரின் காலில் விழுந்தார். பாதம் சம்பந்தப்பட்ட மனுக்களை மூன்றாம் மாடியில்தான் வாங்குவார்கள் என்று அலுவலர் அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்தினார். பிறகு, பார்க்கப் பாவமாக இருந்ததாலோ என்னவோ, ஒரு வழியும் சொன்னார்.

"நீங்க இறக்கிட்டு வந்துட்டீங்க, அதான் சிக்கல். இருந்தாத்தானே நாங்க குறைக்க முடியும்? பழைய எடையை மறுபடியும் ஏத்திக்கிட்டு வாங்க. பயிற்சியில சேத்துக்கறோம். நாங்களே முறைப்படி இறக்கித் தர்றோம்."

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். "ஏத்தி இறக்க நீ என்ன லக்கேஜாடா?" என்றாள். அதற்கப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் டாக்டரம்மாவிடம் போய் மன்றாடினார். "எனக்குப் புரியுதுங்க. ஆனா என் கையைக் கட்டிப் போட்டிருக்காங்க" என்று அந்த அம்மாள் தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக் காட்டினார். கைகளில் கட்டு எதுவும் இல்லை.

ஆகவே மெத்தைக்காரர் சாப்பிட ஆரம்பித்தார். ரொட்டியில் வெண்ணெயைப் பூசவில்லை, அப்பினார். முட்டை, வறுத்த உருளைக்கிழங்கு, பாலாடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் உள்ளே தள்ளினார். நடக்கக் கூடாது என்பதால் அக்கா வீட்டுக்கு பஸ்ஸில் வந்தார். அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். அவள் தட்டில் உப்பில்லாத இரண்டு கவளம் இருக்கும். டம்ளரில் அடியோடு ஒட்டிக்கொண்டு தண்ணீர் இருக்கும். பசித்துக் கிடப்பவள் எதிரில் பசியே இல்லாதவர் வயிறு முட்டத் தின்ன வேண்டும். ஒருநாள் ரொட்டி தொண்டையில் இறங்காமல் அவர் அழுதுவிட்டார்.

"அழாதடா. அழுதா எடை குறையுமாம்" என்றாள் அக்கா. "கண்ணை மூடிக்கிட்டு முழுங்கு. எனக்காக."

எனக்காக என்று அவள் அதற்கு முன்பு எதையும் கேட்டதில்லை. அவர் விழுங்கினார்.

கழுத்து மறைந்தது. பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. வாரியம் மகிழ்ச்சியோடு அவரைச் சேர்த்துக்கொண்டது. சேரும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: பயிற்சி முடிகிற வரையில் வாரியத்துக்கு வெளியே நடக்கக் கூடாது, நடந்தால் அது வெளிநடப்பு, பெயரை அடித்துவிடுவார்கள்.

பயிற்சியின் தொடக்க விழாவுக்கு வாரியத்தின் தலைவர் வந்திருந்தார். வாசலில் காரைவிட்டு இறங்கி மேடை வரைக்கும் அவரை இரண்டு பேர் அணைத்துக் கூட்டிவந்தார்கள். மாலை மரியாதையெல்லாம் முடிந்து அவர் பேசினார்.

"நான் இந்தப் பொறுப்பை ஏற்றபோது இந்த ஊரில் எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இன்று எங்கள் அனுமதி இல்லாமல் ஒருவரும் ஒரு காலை எடுத்து வைக்க முடியாது. இதைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன். நீங்கள் நடப்பதுண்டா என்று என்னைச் சிலர் கேட்கிறார்கள். நடையைப் பற்றிச் சிந்திப்பதற்கே எனக்கு நேரம் போதவில்லை, இதில் நடப்பது எங்கே? இன்றுகூடக் காரிலிருந்து இந்த மேடை வரை நான் நடக்க நேர்ந்திருக்கிறது. ஏற்பாடு செய்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். இங்கே பயிற்சி பெற்று எவருக்கும் எடை குறையவில்லை என்று ஒரு குற்றச்சாட்டு உலவுகிறது. எடை குறைந்தவர் எழுந்து போய்விடுவார். எல்லாரும் எழுந்து போய்விட்டால் வாரியம் யாரை வைத்து நடக்கும்? இந்த வாரியம் உங்களை நம்பித்தான் நடக்கிறது. ஆகவே நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மெத்தைக்காரரும் தட்டினார். தட்டாவிட்டால் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

முதலில் நடைக்கு முன்னுரை என்று வகுப்பு நடந்தது. எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள். அதற்கப்புறம் நிற்பது பற்றிய வகுப்பு, அதையும் உட்கார்ந்தே கேட்டார்கள். பயிற்றுநர் அக்கறையுள்ள மனிதர், வகுப்பை ஒருநாளும் தவறவிட மாட்டார். ஒருவழியாக எல்லாரையும் வட்ட மைதானத்துக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தினார்கள். இடது கால் ஒரு துணை இயக்குநரின் கீழ் வருகிறது, வலது கால் இன்னொருவரின் கீழ் வருகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இடது காலுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. வலது காலுக்கு இன்னும் வரவில்லை.

"அதனால என்ன, சும்மா இருக்க வேண்டாம்" என்றார் பயிற்றுநர். "ஒப்புதல் வந்த காலை மட்டும் முன்னால வச்சு நில்லுங்க. அது வந்ததும் இதை வச்சுக்கலாம்."

அப்படியே நின்றார்கள். நாள்கணக்கில் நின்றார்கள். மழை வந்தால் குடையோடு நின்றார்கள். மெத்தைக்காரருக்கு இடது முட்டி வீங்கிவிட்டது. எடை இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் அக்காவின் கை நரம்புகள் ஊசி ஏற்க மறுத்தன. அவளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம் அக்காவே வாரியத்துக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக டாக்சியில் வந்ததால் காவல்காரர் சலாம் வைத்து உள்ளே விட்டார். தம்பி தாங்கிப் பிடிக்க, நடை அலுவலரின் அறையில் போய் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டாள். வீங்கிய கால்களோடு, நெரிசலில் நிற்கிற கண்டக்டராக, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்கள்லாம் எங்க போகணும்?"

அலுவலருக்குப் புரியவில்லை. "எங்கயும் இல்லீங்களே."

"எங்கயும் போக வேண்டியதில்லாத ஆளுங்க எதுக்கு சார் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கறீங்க? முன்னால போறவங்களுக்கு வழி விடுங்க."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு பழக்கத்தில் ஓரடி உள்ளே தள்ளி நின்றார்கள். குரல் அப்படி. அலுவலரின் நாற்காலிகூடக் கொஞ்சம் உருண்டது. ஆனால் அவ்வளவுதான். அவர் சமாளித்துக்கொண்டு, "உங்க கோரிக்கையை நான் மதிக்கறேம்மா. வழி விடறது எங்க அதிகாரத்துல வராது" என்றார்.

திரும்பும்போது டாக்சியில் அக்கா தம்பியின் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் சாய்ந்து அவர் பார்த்ததே இல்லை. "நான் ஜன்னல்லேர்ந்து பாக்கற மாதிரி நீ நடந்து வருவியே, அது நல்லா இருந்துச்சுடா" என்றாள். "பஸ்ஸுல வந்து இறங்கினா திடீர்னு வந்து நிக்கற. நடந்து வந்தா, வர்றது தெரியும். தூரத்துலேர்ந்தே தெரியும்."

"பேரை அடிச்சா அடிக்கட்டும்க்கா. நாளையிலேர்ந்து நடந்தே வர்றேன்."

"வேண்டாம். பேரு போச்சுன்னா நீ உன்னையே நொந்துக்குவ. உனக்கு மனசு ஆறாது. எனக்குத் தெரியாதா உன்னை."

அவர் நடக்கவில்லை. அவள் சொன்னபடி கேட்டே வளர்ந்தவர், அன்றும் கேட்டுவிட்டார். அதற்கப்புறம் அவர் மனசு ஆறவே இல்லை.

மைதானத்தில் இடது காலை முன்னால் வைத்து நின்றுகொண்டிருந்த ஒரு காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, உடனே வாருங்கள் என்று. மெத்தைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் ஓடியது. பயிற்றுநர் பின்னாலிருந்து, "மெதுவா, மெதுவா. அது ஓட்டம். அதுக்கு வேற வாரியம்" என்று கத்தியது காதில் விழவில்லை. அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு, வீங்கிய முட்டியோடு, ஒப்புதல் வந்த காலும் வராத காலும் மாறி மாறித் தரையில் அறைய, பாலத்தையும் மருந்துக் கடையையும் தாண்டி ஓடினார். சலவைக் கடைக்காரர் தண்ணீரோடு வெளியில் வந்தார். இவர் நிற்கவில்லை.

வார்டு வாசலில் நர்ஸ் நின்றிருந்தாள். "இப்பத்தாங்க போனாங்க" என்றாள்.

"எங்க?" என்று கேட்டுவிட்டார் மெத்தைக்காரர்.

அத்தனை மாதங்களாகப் 'போவது' என்ற சொல்லை அவர் தலையில் போட்டு அரைத்திருந்தார்கள். நர்ஸ் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன டம்ளரில் பாதித் தண்ணீர் மீந்திருந்தது. அவர் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். இவ்வளவு பெரிய மனிதர் இப்படி அழுவதை அந்த வார்டு பார்த்ததில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்தன. மெத்தைக்காரர் கடையைத் திறந்தார். பஞ்சு அடைப்பார், ஊசி கோப்பார், அப்படியே உட்கார்ந்திருப்பார். சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் ஆனதும் கடையைப் பூட்டுவார். கால் பழைய பக்கமே திரும்பும். அச்சகம், மருந்துக் கடை, பாலம், தெரு முனை. மாடி ஜன்னலில் வீட்டுக்காரர் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார். குரல் வராது. அவர் நிற்காமல் அப்படியே திரும்பி வந்த வழியே நடப்பார். மறுநாள் சாயங்காலமும் அப்படியே. நிறுத்த வேண்டும் என்று நினைப்பார், முடியாது.

வாரியம் அவரை மறந்துவிடவில்லை. ஓடியதற்கு விளக்கம் கேட்க வேண்டும் என்று வந்த பயிற்றுநர், இவர் நடப்பதைப் பார்த்துவிட்டார். ஸ்கூட்டரில் மெதுவாகப் பின்தொடர்ந்தார். மறுநாளும் தொடர்ந்தார். சில நாட்கள் இப்படி ஓடிய பிறகு, அக்கா வீட்டுத் தெரு முனையில் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினார்.

"எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல சார்."

"அந்த மாடி வீட்டு வாசல் வரைக்கும் போறீங்களே?"

"அங்க யாரும் இல்ல."

"அப்பறம் எதுக்குப் போறீங்க?"

"தெரியல சார். கால் போகுது."

பயிற்றுநரின் கண் கலங்கிவிட்டது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, மெத்தைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என் சர்வீஸ்ல இதுவரைக்கும் பாத்ததில்லைங்க. போற இடம் இல்ல, சேர்ற ஆள் இல்ல, மனசுல ஒரு நினைப்பு இல்ல. எவ்வளவு சுத்தம். இதுதாங்க நடை."

"அக்கா போயிட்டாங்க சார்" என்றார் மெத்தைக்காரர்.

"போகட்டும்" என்றார் பயிற்றுநர். "நீங்க நடந்துட்டீங்கல்ல."

கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னார். மறு வாரமே கடைக்கு நேரில் வந்து சான்றைக் கொடுத்தார். வலது காலுக்கும் தானே அலைந்து கையெழுத்து வாங்கியிருந்தார். நல்ல கனமான தாள், ஓரத்தில் பொன்னிறக் கோடு. 'மேற்படி நபர் எங்கும் போகவில்லை என்றும், அவர் போய்ச் சேர இடமோ, அங்கு அவருக்காகக் காத்திருக்க ஒருவரோ இல்லை என்றும் நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டதால், அவர் நடந்தார் என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.'

மெத்தைக்காரர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு பிழைகூட இல்லை. வாரியம் அவரைப் பற்றிச் சரியாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"இதை எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார் பயிற்றுநர். "ஆனா பஸ்ஸுல போங்க. நடந்து போனீங்கன்னா மறுபடியும் போக்கு ஆயிடும், எல்லாம் வீணாப் போயிடும்." அவரே தெருவுக்கு வந்து, கையைக் காட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தி, மெத்தைக்காரரைத் தாங்கி ஏற்றிவிட்டுக் கையசைத்தார்.

பஸ்ஸில் கூட்டம் அதிகமில்லை. மெத்தைக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்டக்டர் ஒரு பெண். விரலிடுக்கில் டிக்கெட் கட்டை வைத்துக்கொண்டு, கம்பியில் சாய்ந்து, நிமிர்ந்தே பார்க்காமல் கேட்டாள்.

"எங்க போகணும்?"

"அக்கா வீட்டுக்கு" என்றது அவர் வாய்.

கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தாள். கிண்டல் பண்ணுகிற முகமாக அது இல்லை. "அப்படி ஒரு ஸ்டாப் கிடையாதுங்களே" என்றாள் கொஞ்சம் தணிந்த குரலில்.

"ஆமாம்மா" என்றார் மெத்தைக்காரர். "இப்ப கிடையாது."

அவள் டிக்கெட் கிழிக்கவில்லை. விசில் ஊதி வண்டியை நிறுத்தினாள். அவர் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கி, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நடந்தார்.